சிறிய காருக்குப் புதிய டயர்: சேலத்துச் சாலைக்கும் ஏற்காட்டு மலைக்கும் சேர்த்து ஒரு தேர்வு

சேலத்தில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை வாரம் முழுவதும் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நகருக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அதே கார், உறவினர் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து பேரையும் அவர்களின் பைகளையும் சுமந்துகொண்டு, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஏற்காட்டுக்குப் போகிறது. கல்யாணமோ காரியமோ வந்தால் தொப்பூர் கணவாய் வழியாகப் பெங்களூருக்கும், சங்ககிரி வழியாகக் கோவைக்கும் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடுகிறது. இந்த மூன்று வேலைக்கும் ஒரே டயர்தான். டயர் மாற்றும் காலம் வந்ததும் கடையில் எழும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி வேண்டும்?" என்பதாகவே இருக்கிறது. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. டயரின் அளவு, அதன் வயது, ஈரச் சாலையில் அதன் பிடிப்பு, அதை எந்தச் சக்கரத்தில் பொருத்துவது ஆகியவை முடிவான பிறகு, கம்பெனிப் பெயருக்கு மிஞ்சும் முக்கியத்துவம் மிகக் குறைவு.

முதலில், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று பார்ப்போம். பட்டன் என்பது டயரின் சாலையில் பதியும், பள்ளங்கள் வெட்டிய மேற்பரப்பு. புதிய கார் டயரில் அது பொதுவாக ஏழு அல்லது எட்டு மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருக்கும். பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் ஆங்காங்கே குறுக்காகச் சிறிய மேடுகள் தட்டுப்படும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம் உள்ள தேய்மானக் குறிகள். அவை எங்கே இருக்கின்றன என்பதைக் காட்ட, டயரின் தோள்பட்டைப் பகுதியில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மோட்டார் வாகன விதிகளும் இதையே எல்லையாகக் கொள்கின்றன. ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, மழையின் எல்லை வேறு. பட்டனின் பள்ளங்கள் இருப்பதே சாலையில் நிற்கும் நீரை விலக்கி ரப்பரைத் தார் மீது பதிய வைப்பதற்காகத்தான். ஆழம் குறையக் குறைய விலக்கப்படும் நீரின் அளவும் குறைகிறது, ஒரு கட்டத்தில் டயர் நீரின் மேல் மிதந்து, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கட்டுப்படாமல் போகிறது. எனவே மழைக்காலத்தில் மலையேறும் பழக்கமுள்ளவர்கள் மூன்று மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சியிருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பக்கச் சுவரில் கொப்புளம்போல் ஒரு வீக்கம் தெரிந்தால் பட்டனின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே தேவையில்லை. உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்பதே அதன் பொருள். அந்த டயர் மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் உதவாது.

பழைய டயரைக் கழற்றி எறிவதற்கு முன் அது தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள்; நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், விலகியிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ, சக்கரத்தின் எடைச் சமநிலையான பேலன்சிங்கையோ சந்தேகிக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டயரைப் போடுவது, அதையும் அதே விதத்தில் தேய்ப்பதற்கான ஏற்பாடே தவிர வேறில்லை.

இனி அளவு. பல சிறிய கார்களில் காணப்படும் 155/80 ஆர்13 79எஸ் என்ற குறியையே எடுத்துக்கொள்வோம். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆகவே 155-இல் 80 சதவீதமான 124 மில்லிமீட்டரே அந்தச் சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் வகை என்பதைக் குறிக்கிறது. 13 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 79 என்பது சுமைக் குறியீடு. உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்று அட்டவணை சொல்கிறது. எஸ் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 180 கி.மீ.; அதற்கு மேல் டி என்றால் 190, ஹெச் என்றால் 210. நம் சாலைகளில் யாரும் அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்றாலும், வேகக் குறியீடு டயர் வெப்பத்தைத் தாங்கும் திறனோடும் தொடர்புடையது. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் காரின் கையேட்டில் சொன்னதைவிட உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருக்கக் கூடாது. உரிய அளவு எதுவென்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். இப்போது காரில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பழைய காராக வாங்கியவர்களுக்கு, முந்தைய உரிமையாளர் வேறு அளவைப் போட்டுவைத்திருக்கும் வாய்ப்பு உண்டு.

"ஒரு சைஸ் ஏற்றிப் போட்டால் கார் நன்றாக உட்காரும்" என்ற யோசனை கடையில் கட்டாயம் வரும். மேற்சொன்ன டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 165/80 ஆர்13 போட்டால் விட்டம் சுமார் 594 ஆகிறது, ஏறத்தாழ 2.8 சதவீதம் கூடுதல். அதாவது ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஏற்றத்தில் ஒவ்வொரு கியரும் சற்று நீண்டுவிட்டதுபோல் இழுவை குறையும். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது தொழிலில் சொல்லப்படும் பொதுவான வரம்புதான் என்றாலும், முழுச் சுமையோடு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும் கொண்டை ஊசி வளைவில் டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசுகிறதா என்பது வேறு கேள்வி. 175/70 ஆர்13 என்றால் விட்டம் சுமார் 575, ஏறக்குறைய பழைய அளவேதான். ஆனால் இருபது மில்லிமீட்டர் அகலம் கூடுகிறது. அகலம் கூடினால் காய்ந்த சாலையில் வளைவில் உறுதி சற்றுக் கூடும் என்பது உண்மையே. அதற்கு விலையாக ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், தேங்கிய நீரின் மேல் மிதக்கும் வாய்ப்பும் கூடும். குறைந்த சக்தி கொண்ட எஞ்சினையும், மைலேஜை நம்பி வாங்கிய காரையும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பண்டமாற்று லாபமானது என்று எனக்குத் தோன்றவில்லை. கார்க் கம்பெனி கொடுத்த அளவையே போட்டு, மிச்சப்படும் பணத்தில் அதே அளவில் ஒரு படி நல்ல டயராக வாங்குவதே என் பரிந்துரை.

அளவுக்கு அடுத்தது வயது. ரப்பர், ஓடாமல் கிடந்தாலும் முதிர்ந்து இறுகிப்போகிறது. சித்திரை வெயிலில் நிழலில்லாத இடத்தில் நிறுத்தப்படும் காரின் டயரில் அது இன்னும் வேகமாக நடக்கிறது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காற்றின் வெப்பநிலையே நாற்பது டிகிரியை ஒட்டிப் போகும். தார்ச் சாலையின் சூடு அதைவிட மிக அதிகம். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், செய்யப்பட்டது. இந்த எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருப்பதும் உண்டு. பொருத்திய பிறகு அது உட்புறமாகத் திரும்பிவிட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க முடியும். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு டயர்களிலும் படித்துவிட வேண்டும். செய்து ஆறு மாதம் ஆன டயரைத் தயங்காமல் வாங்கலாம். ஓராண்டு ஆகியிருந்தால் விலையில் பேசலாம். இரண்டு ஆண்டுகளைத் தாண்டியதை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், மறுத்துவிடுவது நல்லது. ஓட்டம் குறைந்த கார்களில் பட்டன் பாதிக்கு மேல் இருக்கும்போதே டயர் வயதாகிவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்துக்கொள்வதும், பக்கச் சுவரிலோ பட்டன் இடுக்கிலோ நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிடுவதும் உகந்தவை.

ஒரே அளவில், ஒரே வயதில் நான்கைந்து டயர்கள் முன்னே கிடக்கும்போது எதை எடுப்பது? கடையில் பெரும்பாலும் ஒரு குணத்தை மட்டுமே புகழ்வார்கள்: "ஐம்பதாயிரம் ஓடும்." நீண்ட நாள் உழைப்பது நல்ல குணம்தான். ஆனால் நீண்ட உழைப்பு, குறைந்த உருளும் தடை, ஈரத்தில் பிடிப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ரப்பர்க் கலவையை இறுக்கமாக்கினால் தேய்மானம் குறையும், ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பும் குறையப் பார்க்கும். உருளும் தடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) டயர்களுக்கு வழங்கும் நட்சத்திரக் குறி இந்த எரிபொருள் சிக்கனத்தை ஒட்டியதே. அதை மட்டும் நம்பி, மலைக்கு ஏற்ற டயர் என்று முடிவுகட்டிவிட முடியாது. பல டயர்களின் பக்கச் சுவரில் ட்ரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற மூன்று குறிப்புகள் இருக்கும். ட்ரெட்வேருக்கு எதிரே உள்ள எண் கூடினால் உழைப்பு கூடுதல் என்று பொருள். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே இட்டுக்கொள்வதால் ஒரு கம்பெனியின் 400ஐ இன்னொன்றின் 400ஓடு ஒப்பிடுவது அவ்வளவு பயனுள்ளதன்று. டிராக்‌ஷன் என்பது ஈரத்தில் நேராக ஓடும்போது பிரேக் பிடிக்கும் திறன்; இரட்டை ஏ, ஏ, பி, சி என்று இறங்குவரிசை. டெம்பரேச்சர் என்பது அதிக வேகத்தில் உண்டாகும் வெப்பத்தைத் தாங்கும் திறன். ஏ, பி, சி என்று வரிசை. இரண்டிலும் ஏ தரமாவது இருக்கும்படி எடுத்தால், கோடையில் நெடுஞ்சாலைக்கும் மழையில் மலைக்கும் ஒருசேரப் பொருந்தும். பட்டனில் சுற்றுவட்டமாக ஓடும் அகலமான பள்ளங்கள் மூன்றோ நான்கோ இருப்பதும், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர்க் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருப்பதும் நீரை விலக்க உதவும். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களுக்குள் மண்பாதையில் போகிறவர்கள் முரட்டுப் பட்டன் கொண்ட டயரைக் கேட்பதுண்டு. சிறிய காரின் அளவுகளில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தார்ச் சாலையில் இரைச்சலையும் நீண்ட பிரேக் தூரத்தையும் சேர்த்தே தரும்.

இந்தச் சோதனைகளைத் தாண்டி வந்த டயர்களுக்குள் எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், மிச்செலின், குட்இயர், யோகோஹாமா என எதை எடுத்தாலும் குடிமுழுகிப் போகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய டயர்களையும் ரீ-பட்டன் போட்ட (தேய்ந்த டயரின் மேல் புதிய பட்டன் ஒட்டிய) டயர்களையும் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சேலம், நாமக்கல், சங்ககிரி வட்டாரம் லாரித் தொழிலில் ஊறியது. லாரியின் பின்சக்கரங்களுக்கு ரீ-பட்டன் போட்டு ஓட்டுவது இங்கே பழகிய, கணக்குக்கு ஒத்துவருகிற வழக்கம். லாரி டயரின் உடல் மறுபட்டனைத் தாங்குமாறு செய்யப்படுகிறது, பின்னால் ஜோடி ஜோடியாகச் சக்கரங்கள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். சிறிய காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உள்காயம் தெரியாத பழைய டயருக்கும் அதே பதில்தான்.

எத்தனை டயர் மாற்றுவது என்ற கேள்வியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சிறிய கார்கள் ஏறத்தாழ எல்லாமே முன்சக்கர இழுவை கொண்டவை. இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களிலேயே நடப்பதால் அவை முதலில் தேய்கின்றன. நான்கையும் சேர்த்து மாற்ற முடிந்தால் சிக்கலில்லை. கையிருப்பு இரண்டுக்குத்தான் போதும் என்றால், தேய்ந்த இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை முன்னாலேயே போட்டுத் தருவதுதான் பல கடைகளின் வழக்கம். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது: உழைக்கிற சக்கரத்துக்குத்தானே நல்ல டயர்? ஆனால் டயர்க் கம்பெனிகளின் அறிவுரை இதற்கு நேர்மாறானது: புதிய இரண்டும் பின்சக்கரங்களுக்கு, பின்னால் இருந்த பாதி தேய்ந்தவை முன்னால்.

காரணத்தை ஏற்காட்டிலிருந்து இறங்கும் பாதையில் வைத்துப் பார்த்தால் விளங்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது காரின் எடை முன்பக்கமாகச் சாய்கிறது. பின்பக்கம் இலேசாகி, பின்டயர்கள் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அந்த நிலையில், ஈரமான ஒரு வளைவில் முன்டயர்கள் பிடிப்பை இழந்தால், திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் சற்று நேராகப் போகப் பார்க்கும். இது ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். இயல்பாகவே அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வேகம் குறையும், பிடிப்பு திரும்பக் கிடைக்கும். பின்டயர்கள் பிடிப்பை இழந்தாலோ கதை வேறு. காரின் வால் வெளிப்பக்கமாக வீசப்பட்டு வண்டி சுழலத் தொடங்கும். பயந்து காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் எடை மேலும் முன்னால் சாய்ந்து சுழற்சி மோசமாகும். அதை ஸ்டியரிங்கால் மட்டும் மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். தானாகத் திருத்தும் மின்னணு வசதியோ பழைய சிறிய கார்களில் பெரும்பாலும் இல்லை. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்றால், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, டயரில் இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. ஆகவே கடைக்காரர் வற்புறுத்தினாலும், புதியவை பின்னால் போகட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். முன்னால் வந்த பழையவை விரைவில் தேய்ந்துவிடும் என்பது உண்மைதான். அப்போது அடுத்த ஜோடியை வாங்குவதற்குக் கால அவகாசம் கிடைத்திருக்கும். ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு கம்பெனியும் வலப்பக்கம் இன்னொன்றும், அல்லது ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாகப் போடுவதை மட்டும் எந்தச் சூழலிலும் ஏற்க வேண்டாம்.

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. டயரோடு ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்ல வேண்டும். சிறு தொகைதான், பழைய வால்வில் கசிவு தொடங்கினால் புதிய டயர் வீணாகத் தேயும். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைக் காட்டுகிறது; வெளிப்பக்கம், உட்பக்கம் என்று எழுதியிருந்தால் அதன்படியே ஏற்ற வேண்டும். நான்குக்கும் பேலன்சிங், பிறகு அலைன்மென்ட். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடித்தபின், காரோடு வந்த ஸ்பானரைக் கொண்டு உங்களால் ஒரு நட்டையாவது தளர்த்த முடிகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பதினான்காவது வளைவில் பஞ்சரானபோது அந்தச் சோதனையைச் செய்ய நேருவது நல்லதல்ல. டயரின் வரிசை எண்கள் எழுதிய பில்லை வாங்கிப் பத்திரப்படுத்தினால்தான் வாரண்டி கேட்க முடியும். புதிய டயரின் மேற்பரப்பு முதல் சில நூறு கிலோமீட்டர் வரை சற்று வழுக்கும் தன்மையுடையது. பொருத்திய அன்றே மழையில் மலையேற வேண்டாம்.

காற்றைப் பற்றிய தவறான எண்ணங்கள் இரண்டு. கோடையில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைப்பது ஒன்று. உண்மையில் காற்று குறைந்த டயரே பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கிறது. சிறிய கார்களில் பெரும்பாலும் முப்பதிலிருந்து முப்பத்து மூன்று பி.எஸ்.ஐ. வரையிலான ஓர் அழுத்தத்தை ஸ்டிக்கரில் தந்திருப்பார்கள், அதைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் ஏறுவது இயல்பு. ஓடி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்கக் கூடாது. இரண்டாவது எண்ணம், மலைமேல் போனால் காற்று கூடிவிடும், இறக்கிவிட வேண்டும் என்பது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி ஏறக்குறைய இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதே நேரத்தில் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி அதில் பாதிக்கு மேலாகக் குறைத்துவிடும். மிஞ்சும் வேறுபாட்டுக்காகக் காற்றில் கை வைக்கத் தேவையே இல்லை. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் எவ்வளவு வைப்பது என்பதும் அதே ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். நைட்ரஜன் நிரப்பினால் தீங்கில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்பதால் காசு கொடுத்து நிரப்புவதும் அவசியமில்லை.

கழற்றிய நான்கில் வயது குறைந்ததும் பட்டன் மிஞ்சியதுமான ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், அது காரின் சரியான அளவாகவும் பஞ்சர் ஒட்டுகள் அதிகமில்லாததாகவும் இருந்தால். பல ஆண்டுகளாக டிக்கியில் ஓடாமலே கிடந்த ஸ்டெப்னியின் பட்டன் புத்தம்புதிதாகத் தெரியும்; அதையும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தே மதிப்பிட வேண்டும், புதிய டயர் ஒன்றோடு ஜோடி சேர்த்து ஓடவிடக் கூடாது. மாதந்தோறும் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பிடிக்கும்போது டிக்கியையும் திறந்து ஐந்தாவதுக்கும் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சக்கரங்களைவிட இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகவே வைத்திருக்கலாம்.